ஒன்று மட்டும் அம்பாசமுத்திரத்துக்கு

மனிதர்களை மதிப்பது ஜெமிமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் சிரமமான காரியம். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், மிஷன் பள்ளிக் கணக்கு வாத்தியாரின் ஒரே மகளாக வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே, போதகர் தன் பிரசங்கத்தில் எந்தப் புத்தகத்தைப் படிக்காமலே படித்ததாகச் சொன்னார் என்று அப்பாவிடம் எடுத்து வைப்பாள். "ஏட்டி, வாயை வச்சுக்கிட்டு சும்மா வா" என்பார் அப்பா. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார். அதனால் அவள் திருந்தவில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தது, காலை முதல் சாயங்காலம் வரை மனிதர்களைப் பார்த்துப் புன்னகை செய்கிற வேலை.

இயற்பியல் படித்து முடித்து, பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஹெப்ரானைக் கட்டிக்கொண்டு, டீச்சர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில், இப்போதைக்கு இருக்கட்டும் என்று வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தாள். டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் எல்லாம் செய்து விற்கிற பெரிய கம்பெனி ஒன்றின் சென்டர் அது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதல் மேஜை அவளுடையது. இப்போதைக்கு என்று போனவள், கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

அவளுக்கு நல்ல குரல். கோயில் பாடகர் குழுவில் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ பாடுகிறவள். கம்பெனிக்கு அவளுடைய இயற்பியல் தேவைப்படவில்லை. குரல் தேவைப்பட்டது. சேர்ந்த புதிதில் மதுரையில் ஓர் ஓட்டலில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய ஒருவன் வந்து, 'ரிப்பேர்' என்கிற சொல்லை வாயால் எடுக்கக்கூடாது என்றான். 'முடியாது' என்றும் சொல்லக்கூடாதாம். 'இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிட்டு' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கஸ்டமரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புது மிஷின் படம் போட்ட அட்டையைப் பைய அவர் பக்கம் நகர்த்த வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் போதகர்கூட இத்தனை சுத்தமாகச் செய்வதில்லை என்று ஜெமிமா நினைத்துக்கொண்டாள். ஆனால் வகுப்பிலேயே அதை நன்றாகச் செய்து காட்டியவளும் அவள்தான். கைதட்டினார்கள்.

கஸ்டமர்கள் மீது அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது எப்படியென்றால், அவர்கள் நன்றி சொன்னார்கள். நாலைந்து வருஷம் ஓடிய மிஷினுக்குச் சாவுச் செய்தி சொன்னவளைப் பார்த்து, "எவ்வளவு மரியாதையாப் பேசுதிய, நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டுப் புது மிஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போனார்கள். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டிய இடத்தில் கும்பிடு போடுகிறவர்களை என்ன செய்வது? அவள் புன்னகை செய்தாள்.

மேனேஜர் மகேஸ்வரன் அவளைவிட வயதில் சின்னவன். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் காரில் வருவான். அவன் உள்ளே நுழைவதற்கு முன்னால் அவனுடைய சென்ட் நுழையும். 'நம்ம கம்பெனி, நம்ம கம்பெனி' என்று, ஏதோ அவன் பாட்டனார் கடை போட்டுத் தொடங்கியதுபோலப் பேசுவான். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் எடுப்பான். பார்க்க ஆளில்லாத கண்ணாடி அறைக்குள்ளேயும் எழுந்து நிற்பான். ஜெமிமா தன் மேஜையிலிருந்து இதைப் பார்த்து வைத்துக்கொள்வாள்.

சென்டரின் பின்பக்கம் ஸ்டோர் ரூம். அங்கே இரும்பு அலமாரியில் பழைய மாடல்களுக்கான சாமான்கள், பிரிக்காத உறைக்குள் வரிசையாக இருந்தன. மோட்டார், கதவுப் பூட்டு, தண்ணீர் வால்வு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்ட்ரோல் போர்டு. வாஷிங் மிஷினின் மூளை அதுதான். ஒரு மாடலுக்கு சப்போர்ட் முடிந்தது என்று கம்பெனி அறிவித்த அன்றே, கம்ப்யூட்டரில் அந்தச் சாமானின் எண் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் நிறமானால் பில் போட முடியாது. பில் போட முடியாத சாமான், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இல்லாத சாமான்தான். வெளி மெக்கானிக் யாராவது வந்து, "காசு தாரேன், போர்டை மட்டும் குடுங்க, நான் மாட்டிக்கிடுதேன்" என்று கேட்டால், கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் என்று அனுப்பிவிட வேண்டும். "ரிப்பேர் பண்ணிக் குடுத்தா புதுசு யாரு வாங்குவா?" என்று மகேஸ்வரன் சிரிப்பான். பயிற்சி வகுப்பில் தடை செய்த சொல்லை அவன் மட்டும் தாராளமாகப் பயன்படுத்தினான்.

இந்த இடத்துக்குத்தான் ஜேசுதாசன் வந்து சேர்ந்தார்.

டெப்டி தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தியாகராஜ நகரில் வீடு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, மிஷினு வாங்கி அஞ்சு வருஷம் ஆகல. வந்து பாத்தவன் போர்டு போயிட்டு, வேற போர்டு இல்லைங்கான். இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"சார், இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிட்டு."

"யாரு முடிச்சா?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஜெமிமாவின் மூச்சு பயிற்சியில் சொன்ன இடத்தில் நிற்காமல் வேறெங்கோ நின்றது.

"கம்பெனி, சார்."

"கம்பெனின்னா யாரு? பேரைச் சொல்லு. கையெழுத்து இல்லாத உத்தரவை நான் என் சர்வீஸ்ல பாத்தது கிடையாது."

கேள்வி சரியானதுதான். கேட்டவரைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாராவாரம் வந்தார். வரும்போதெல்லாம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பெருமையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டார். தெற்கே ஏதோ ஒரு தாலுகாவில் அவர் வராண்டாவில் நடந்தால் ஜனங்கள் எழுந்து நிற்பார்களாம். எத்தனை பேரை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அந்த வராண்டாவிலேயே காய விட்டிருப்பார் என்று ஜெமிமா அவர் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டாள். இப்போது தானே ஒரு மேஜைக்கு முன்னால் காயும்போது மட்டும் நியாயம் பேச வருகிறது.

ஒரு நாள் அவள் வேண்டுமென்றே கேட்டாள்.

"எந்த பட்டனை அமுக்கும்போது மிஷின் நிக்குது சார்?"

"அதெல்லாம் வீட்டுலதான் கேக்கணும்."

ஆக, தொட்டதேயில்லாத ஒரு மிஷினுக்காகத்தான் இத்தனை ஆட்டம். இன்னொரு நாள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "தில்லியில சர்க்காரு இதுக்குன்னே ஒரு வெப்சைட்டு திறந்திருக்கு. வாங்கின சாமானைப் பழுது பாத்துக்கிடுதது நம்ம உரிமைன்னு போட்டிருக்கு. வாசிச்சுப் பாரு." அவர் படியிறங்கியதும் மகேஸ்வரன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "உரிமையாம்ல! வெப்சைட்டாம்ல!" என்று சிரித்தான். சிரிக்கும்போது அவன் ஈறு முழுவதும் தெரியும். ஜெமிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. அவருக்குப் பதில், குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள்.

"நான் ஜேசுதாசன் சார் வீட்டுல. சாரம்மாள்னு பேரு. அவ்வோ ஒரு கல்யாணத்துக்கு ராதாபுரம் போயிருக்காவ. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜெமிமா வழக்கமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, "அம்மா, இந்த மாடலுக்கு..." என்று தொடங்கினாள். சாரம்மாள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும். அந்த போர்டு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

"வராதும்மா."

"நிச்சயமா வராதுல்லா?"

அந்த முகத்தில் வந்தது நிம்மதி என்று ஜெமிமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஏன்மா அப்படிக் கேக்கிய?"

"அவ்வோ ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுலயேதான் இருக்காவ. நான் அரிசி களையதும் தப்பு, கதவு சாத்துததும் தப்பு. இப்பம் வாரத்துல ஒரு நாள் இங்கன வாராவ. மிச்ச நாள் பூரா உங்களுக்கு மனு எழுதுதாவ. வீடு வீடா இருக்கு." சாரம்மாள் லேசாகச் சிரித்தாள். "துணிய நான் கையிலயே துவைச்சுக்கிடுவேன். முன்னாடியும் அப்படித்தான துவைச்சேன்." பிறகு மடியில் கிடந்த விரல்களைப் பார்த்தாள். கணுக்கள் வீங்கிக் கோணியிருந்தன. "என்ன, கையிதான் பழைய கையி இல்ல."

புருஷனைத் திருத்த வக்கில்லாமல், விரலைக் கொடுத்து அமைதி வாங்குகிற பொம்பளை என்று ஜெமிமா மனசுக்குள் ஏசினாள். ஏச்சு முழுசாக வாய்க்கவில்லை. தன் நாற்காலிக்கு நேர் பின்னால் திறந்து கிடந்த ஸ்டோர் ரூமில், அந்த மாடலின் போர்டுகள் அடுக்கி இருந்தது ஜெமிமாவுக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேறு என்ன கேட்க முடியும்?

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. சப்போர்ட் முடிந்த மாடல்களின் சாமான்களை யாருக்கும் பயன்படாதபடி உடைத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். 'அனுமதியில்லாத கைகளுக்குப் போய்விடக்கூடாது' என்று அதில் எழுதியிருந்தது.

மொட்டை மாடியில் காரியம் நடந்தது. டெக்னீஷியன் வளன் உவரிப் பக்கத்துக்காரன். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் உறையாகப் பிரித்தான். உள்ளே போர்டுகள் பச்சைப் பசேலென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. "எக்கா, இதுல ஒண்ணுகூடச் செத்தது இல்ல" என்று ஜெமிமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். சொல்லிவிட்டு அடித்தான். போட்டோ எடுக்க வேண்டியது ஜெமிமா. மகேஸ்வரன் சில்லு தெறித்துப் புது ஷூவில் படாதபடி தள்ளி நின்று, இந்தப் பக்கமிருந்து எடுங்க, அந்தப் பக்கமிருந்து எடுங்க என்றான்.

பாதிக்கு மேல் முடிந்தபோது மகேஸ்வரன் குனிந்து, உடையாத ஒரு போர்டை எடுத்தான். ஊதித் தூசியைத் தட்டினான். கைக்குட்டையில் சுற்றி லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எங்க மாமியார் வீட்டுலயும் இதே மிஷின்தான். போன மாசமே நின்னுட்டு. வளன், ஞாயித்துக்கிழமை அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒரு எட்டு வந்து மாட்டிக் குடுத்துருங்க."

"சார், போட்டோவுல ஒண்ணு குறையுமே" என்றான் வளன்.

"அங்கன ஒரு டி.வி. போர்டு உடைஞ்சு கெடக்கு பாருங்க. அதை எடுத்து இதுல போடுங்க. எவன் உத்துப் பாக்கப் போறான்?"

வளன் எடுத்துப் போட்டான். ஜெமிமா போட்டோ எடுத்தாள்.

திருடனாக இருந்திருந்தால்கூட அவனுக்கு ஒரு மரியாதை கொடுத்திருப்பாள். திருடனுக்குப் பயம் என்று ஒன்றாவது இருக்கும். இவன் முகத்தில் பயமுமில்லை, வெட்கமுமில்லை. ஊர் முழுக்கச் செத்துப்போனதாகச் சொல்லி அடக்கம் செய்த சாமான் தன் மாமியாருக்கு மட்டும் உயிரோடு வேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. இத்தனை நாளும் அவனை முட்டாள் என்று நினைத்திருந்தாள். கம்பெனி சொன்னதை நம்புகிறான், விசுவாசி, போகட்டும் என்றிருந்தாள். இவன் எதையும் நம்பவில்லை. நம்பாமலேதான் போனுக்கு எழுந்து நின்றிருக்கிறான்.

வீட்டில் ஹெப்ரானிடம் சொன்னபோது அவன், "வேலை பாக்குத இடத்துல ஆயிரம் இருக்கும். நமக்கென்ன வந்துட்டு?" என்றான். கொஞ்ச நேரம் அவனையும் வெறுத்தாள். அவன் நல்ல டீ போடுவான் என்பதால் அது நீடிக்கவில்லை.

ஜேசுதாசன் மனு எழுதி ஓய்ந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கே போட்டுவிட்டார். மதுரையிலிருந்து கம்பெனியின் வக்கீல் வந்தார். கஸ்டமரிடம் பேசியவள் என்ற முறையில் ஜெமிமாவின் பெயரில் ஒரு வாக்குமூலம் தயாராக வந்தது. மேற்படி பாகம் அந்தத் தேதிகளில் சென்டரில் இருப்பில் இல்லை என்று எழுதியிருந்தது.

"இருப்பில இல்லையா, பில்லுல இல்லையா?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தைதான மேடம்" என்றான் மகேஸ்வரன். "அந்தக் கிழவனுக்காக நாம மண்டைய உடைக்கணுமா?"

"கையெழுத்து எதுக்கு? நானே நேர்ல வந்து சொல்லிருதேன்."

அதை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு குரலுள்ள பெண் நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது என்று வக்கீலுக்கு ஒரே மகிழ்ச்சி. நேர் விசாரணைக்கு அவரே மனு போட்டார். மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் காதில் வாங்குவார்கள் என்பதில் ஜெமிமாவுக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

விசாரணையன்று ஜேசுதாசன் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் வக்கீல் பேசுவதற்கு முன்னால் தானே இரண்டு தடவை எழுந்து பேசினார். உட்காரச் சொன்னார்கள். பின் வரிசையில் சாரம்மாள், குடையை மடியில் வைத்துக்கொண்டு. மகேஸ்வரன் ஜெமிமாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

தலைவராக இருந்த பெண்மணி கேட்டார். "இந்த மனுதாரர் கேட்ட போர்டு உங்க சென்டர்ல இருந்ததா, இல்லையா?"

"இருந்தது அம்மா."

கம்பெனி வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருந்தும் ஏன் தரவில்லை?"

"பழைய மாடலுக்குத் தரக்கூடாதுன்னு உத்தரவு. கேட்கிறவங்ககிட்ட இல்லைன்னு சொல்லணும். நான்தான் சொன்னேன். நல்லாச் சொல்லுவேன்."

"அந்த போர்டுகள் இப்போ எங்கே?"

"மொட்டை மாடியில வச்சு உடைச்சோம் அம்மா. ஒண்ணு மட்டும் அம்பாசமுத்திரத்துக்குப் போச்சு. மேனேஜர் சாரோட மாமியார் வீட்டு மிஷினுக்கு. இப்ப அது நல்லா ஓடுதுன்னு கேள்வி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மகேஸ்வரனின் கட்டைவிரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையே மேஜைக்குக் கீழே இருந்தது. கம்பெனி வக்கீல் அவளைப் பொய் சாட்சி என்று நிறுவ என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். அம்பாசமுத்திரம் போய்ப் பாருங்கள் என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜேசுதாசன் அவளிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறாரோ என்று ஒரு நொடி அவளுக்கே பயமாக இருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லல்லா?"

"உங்க சட்டையை நீங்களே துவைச்சிருந்தியன்னா அதைவிடக் குறைவா இருந்திருக்கும், சார்."

அவருக்கு முகம் சிவந்தது. சாரம்மாள் சட்டென்று குடையை விரித்துக்கொண்டாள். அப்போது வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

தீர்ப்பு ஜேசுதாசன் பக்கம் வந்தது. கொடுக்க போர்டு இல்லாததால், கம்பெனி மிஷினின் விலையையும் நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டியதாயிற்று. கம்பெனிக்கு அது கால் தூசி. மறு வாரமும் பழைய மாடல்களுக்கு சப்போர்ட் முடிந்துகொண்டேதான் இருந்தது. மகேஸ்வரனைக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய பதவியில். அவனுக்கு அதுதான் கிடைக்கும் என்று ஜெமிமா எதிர்பார்த்தே இருந்தாள். அவளுடைய மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொடுதிரை ஒன்றை நிறுத்தினார்கள். உங்களை நீக்கவில்லை, இந்தப் பணியிடம்தான் நீங்குகிறது என்று ஒரு பெண் சென்னையிலிருந்து போனில் சொன்னாள். குரல் சுமார்தான்.

வேலை போன மாதத்தில், டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பலவேசம் வீடு தேடி வந்தார். பேப்பரில் வழக்கைப் பற்றிப் படித்திருந்தார். பேச்சு சத்தம் தெருவுக்கே கேட்கும்.

"தாயி, நாங்க நாலு கடைக்காரங்க சேந்திருக்கோம். சாமான் கேட்டு மெயில் போட்டா எந்தக் கம்பெனிக்காரனும் பதில் போட மாட்டேங்கான். அவனுவ பாஷை உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்காகக் கேட்டு வாங்கிக் குடுக்கணும்."

"நீங்க மட்டும் யோக்கியமா அண்ணாச்சி? கழட்டின பழைய சாமானைப் புதுசுன்னு மாட்டுதிய. உங்க கடைக்குப் போயிட்டு வந்தவங்க எல்லாரும் அழுதுக்கிட்டு என்கிட்டதான் வந்தாவ."

பலவேசத்தின் சத்தம் இறங்கியது. "எல்லாத்துலயும் இல்ல. செலதுல."

"செலதுலயும் கூடாது. பழசுன்னா பழசுன்னு சொல்லித்தான் மாட்டணும். சம்மதமா?"

சம்மதித்தார். சம்மதித்ததை முழுசாகக் காப்பாற்றுகிறாரா என்று ஜெமிமா அவ்வப்போது அவர் கடையில் சாமான் போட்டு வைக்கும் டிராயரைத் திறந்து பார்க்கிறாள்.

இப்போது கீழ ரத வீதிப் பக்கம் அவர் கடையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு மேஜை. கம்பெனிகளுக்கு அவர்கள் பாணியிலேயே, இனிக்க இனிக்க மெயில் எழுதுகிறாள். ஆணையத்தின் தீர்ப்பைக் கூடவே இணைக்கிறாள். சில கம்பெனிகள் சாமான் அனுப்புகின்றன. பல கம்பெனிகள் மூச்சு விடுவதில்லை. அவற்றுக்கு இன்னும் இனிப்பாக அடுத்த மெயில் போகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் அவள் இனிப்பாகப் பேசுவதில்லை. சரியாகும் என்றால் சரியாகும் என்பாள். "வெந்நீர் வாளிக்குள்ள போனைப் போட்டுட்டு என்னத்தைப் பாக்குதிய? இது தேறாது, தூக்கிப் போடுங்க" என்றும் சொல்வாள். ஆட்கள் முறைத்துக்கொண்டு போகிறார்கள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

அவளுடைய மேஜையின் ஒரு கால் குட்டை. எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு கட்டையை வைத்துச் சரி பண்ணித் தரச் சொல்லி வந்த நாளிலிருந்து பலவேசத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் சாமானையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், "நாளைக்கு, தாயி" என்கிறார். அவரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பதை அவள் சொல்ல, ஹெப்ரான் தினமும் டீ குடித்துக்கொண்டே கேட்கிறான்.